வெளியே பனி கொட்டும்போது எந்தப் படம்?

பனி கொட்டும் நாளில் பனிப் படம்தான் பார்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஜன்னலுக்கு வெளியே இருப்பதைத் திரையிலும் எதற்குப் பார்ப்பது, வெயிலடிக்கும் படமாகப் போடு என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. படத்தில் பனி இருக்கிறதோ இல்லையோ, அதில் வருபவர்களும் நம்மைப் போல எங்கேயாவது அடைபட்டுக் கிடக்க வேண்டும். அப்படிப்பட்ட படம்தான் அன்றைக்கு ஒட்டும்.

கோயன் சகோதரர்களின் 'ஃபார்கோ'வையே (1996) பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைதான். ஃபிரான்சஸ் மெக்டார்மண்டுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த, குறை சொல்ல முடியாத படம். ஆனால் அதில் எல்லோரும் எந்நேரமும் காரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறார்கள். வாசலைத் தாண்ட முடியாதவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிஜமான போட்டி 'தி ஷைனிங்'குக்கும் (1980) 'தி திங்'குக்கும் (1982) இடையில்தான். குப்ரிக்கின் 'ஷைனிங்'கில், குளிர்காலத்துக்கு மூடிவிட்ட மலை ஓட்டலைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் போகிறது. மூன்றே பேர், பிரம்மாண்டமான கட்டடம். பயம் அவசரமே இல்லாமல் ஏறுகிறது. நடுநடுவே போனைப் பார்க்கிறவர்களுக்கு அது ஏறவே ஏறாது. அமெரிக்கப் பதிப்பு கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். ஐரோப்பாவுக்காக அவரே சுமார் 25 நிமிடத்தை வெட்டிய பதிப்பும் உண்டு. நீளமானதையே பாருங்கள், அன்றைக்கு நேரத்துக்கா பஞ்சம்?

ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்'கில் அண்டார்டிகா ஆய்வு நிலையம் ஒன்றில் 12 பேர். யாருடைய உருவத்தையும் எடுத்துக்கொள்ளும் வேற்றுகிரக உயிர் ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. யார் மனிதன், யார் அது என்று தெரியவில்லை. வெளியே ஓடினால் குளிரே கொன்றுவிடும். 'ஷைனிங்'கின் பனி கதவைச் சாத்துவதோடு சரி. இதில் பனிதான் கதையையே இழுக்கிறது. உட்புறக் காட்சிகளுக்கு லாஸ் ஏஞ்சலீஸில் செட்டையே குளிரூட்டினார்கள். 'ஷைனிங்' தோட்டத்தில் நாம் பார்க்கும் பனியோ உப்பும் தெர்மாகோலும். இரண்டில் என் ஓட்டு 'தி திங்'குக்கு. ரத்தப் பரிசோதனைக் காட்சி ஒன்று போதும். வெளியான சமயத்தில் படம் சரியாகப் போகவில்லை. இரண்டு வாரம் முன்புதான் 'ஈ.டி.' வந்து, பாசமான வேற்றுகிரகவாசியை எல்லோர் மனதிலும் உட்கார வைத்திருந்தது. ஒரு எச்சரிக்கை: கோரம் அதிகம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, சாப்பாட்டையும் முடித்துவிட்டுப் போடுங்கள்.

பகலில் இதைப் போடக்கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. புதுப் பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து திரையில் விழுந்தால் இருட்டுக் காட்சிகளில் நம் முகம்தான் தெரியும்.

பகலுக்கு, வீட்டில் எல்லோரும் கூடியிருந்தால், 'கிரவுண்ட்ஹாக் டே' (1993). புயல் இந்தப் பக்கம் வராது என்று சொன்ன டிவி வானிலை அறிவிப்பாளர் அதே புயலில் ஒரு சிற்றூரில் மாட்டிக்கொள்கிறார். அப்புறம் ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது. பெரியவர்களுக்குச் சிரிப்பும் யோசனையும் சேர்ந்து கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் சலிக்கலாம். அவர்களுக்குச் சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' (1925). பனிக்குடிலில் பசி தாங்காமல் ஷூவை வேகவைத்துத் தின்பார், பாறை விளிம்பில் குடில் ஆடும். மௌனப் படம் என்பதால் சப்டைட்டில் சண்டை இல்லை. 1942இல் சாப்ளினே குரல் கொடுத்துச் சுருக்கிய பதிப்பு வேண்டாம். சிரிப்பை விளக்கிச் சொல்ல ஆள் எதற்கு?

சரி, வெயில் கட்சிக்காரர்களுக்கு? பாலைவனப் படங்களை விடுங்கள். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வில் (1954) கால் உடைந்த புகைப்படக்காரர் கோடை வெக்கையில் வீட்டிலேயே கிடந்து, பக்கத்து வீடுகளை வேடிக்கை பார்க்கிறார். சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957) ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டிய 12 ஜூரிகளைப் புழுங்கும் அறைக்குள் பூட்டிவைக்கிறது. படம் போகப் போகச் சுவர்கள் நெருங்கி வருவதுபோலத் தெரிவதற்காகவே லூமெட் லென்ஸுகளை மாற்றிக்கொண்டே போனார். 'ரியர் விண்டோ' கண்ணுக்கு விருந்து, பெரிய திரை கேட்கும்.

பனிப்புயலில் மின்சாரமும் இணையமும் போகலாம் என்பதால் முதல் நாளே படங்களை இறக்கி வைத்துக்கொள்வது உத்தமம். லேப்டாப் பேட்டரியை நம்பித்தான் பார்க்க வேண்டுமென்றால் என் தேர்வு '12 ஆங்ரி மென்'. மொத்தம் 96 நிமிடம், முழுக்க வசனம். திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தாலும் எதுவும் தவறாது.