ரெண்டு நாள் கனவு வகுப்பு, 4,500 ரூபாய்: போய்விட்டு வந்தவளின் கணக்கு

கனவுக்கு அர்த்தம் பார்க்கச் சொல்லித் தருகிற வகுப்பு, ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அந்த அரை நட்சத்திரம் மதியச் சாப்பாட்டுக்கு. மீதி இரண்டும் முதல் நாள் காலை பதினொன்றிலிருந்து ஒன்று வரை நடந்த ஒரே ஒரு வகுப்புக்கு. அதை மட்டும் நடத்திவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தால் வாங்கின காசுக்கு வஞ்சகமில்லை என்று ஐந்தும் போட்டிருப்பேன், மேலே ஒன்றரை நாளைச் சேர்த்துத்தான் கெடுத்துக்கொண்டார்கள். நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. கோயமுத்தூரில் இப்போது இந்த மாதிரி வகுப்பு ஒன்றிரண்டு இல்லை, விளம்பரத்தில் 'ஆழ்மனம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் நான் சொல்வதில் பாதியாவது அங்கேயும் பொருந்தும்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். நாங்கள் காங்கேயம் பக்கம் தேங்காய்ப் பருப்புக் களம் வைத்திருக்கிறோம். போன ஐப்பசியில் ஒரே மாதத்தில் மூன்று தடவை ஒரே கனவு. மழை தூறுகிறது, நான் படுதாவை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன், எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் ஒரு முழம் குறைகிறது. குனிந்து பார்த்தால் காய்வது பருப்பு இல்லை, என் மகளுடைய பள்ளிக்கூட ஷூ. ஒரு ஜோடி இல்லை, களம் பூராவும். உடைத்த தேங்காயை வாய் மேலே பார்த்த மாதிரி வெயிலுக்குப் பரப்பி வைப்போமே, அதே மாதிரி வரிசை வரிசையாக.

மழை வருகிற கனவு எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வரும். காய்கிற பருப்பு நனைந்தால் பூசணம் பிடிக்கும், பூசணம் பிடித்தால் ஏலத்தில் விலை இல்லை, அந்தப் பயம் தூக்கத்திலும் விடாது. ஷூதான் உறுத்தியது.

அத்தையிடம் சொன்னேன். "செருப்புக் கனா நல்லதுக்கில்லை அம்மணி, சிவன்மலைக்குப் போய் ஒரு வெளக்குப் போட்டுட்டு வா" என்றார். உடனே, "ஆண்டவன் உத்தரவா இருந்தா பூக் கேக்கோணும்" என்றும் சேர்த்துக்கொண்டார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயிலில் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஏதாவது ஒரு பக்தர் கனவில் ஆண்டவன் வந்து இன்ன பொருளை வை என்று சொன்னால் அதைப் பெட்டியில் வைத்துப் பூசை செய்வார்கள். மண், தண்ணீர், சர்க்கரை, துப்பாக்கி என்று என்னென்னவோ இருந்திருக்கிறது. அடுத்த ஆளுக்கு அடுத்த கனவு வருகிறவரை பழைய பொருள்தான், அது எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. கனாக் கண்டேன் என்று போய் நின்றவுடனே வைத்துவிட மாட்டார்கள். சாமியிடம் பூப் போட்டுப் பார்ப்பார்கள், வெள்ளைப் பூ வந்தால்தான் பெட்டிக்குள் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்குப் போட்டேன். அப்புறமும் கனவு வந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு தோழி இந்த வகுப்பு விளம்பரத்தை அனுப்பினாள். சனி, ஞாயிறு, சாப்பாட்டோடு 4,500. காங்கேயத்தில் பஸ் ஏறி, பல்லடம் சூலூர் வழியாகச் சிங்காநல்லூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. ஏசி ஹாலில் முப்பது பேர் இருந்தோம், குளிரில் பாதிப் பேர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். யாரிடமோ சொன்னதும் குறைத்தார்கள், பத்து நிமிடத்தில் மறுபடி பழையபடி.

பயிற்சியாளர் நல்ல பேச்சுக்காரர். முதல் வகுப்பில் வியன்னா டாக்டர் பிராய்டைப் பற்றிச் சொன்னது உண்மையிலேயே கேட்கிற மாதிரி இருந்தது. அந்த மனிதர் கனவு பற்றிய தன் புத்தகத்தை 1899 நவம்பரில் வெளியிட்டார், உள்ளே ஆண்டு மட்டும் 1900 என்று அச்சடித்திருந்தது. முதல் பதிப்பு 600 பிரதி விற்று முடியவே எட்டு வருஷம் ஆனதாம். கனவில் நாம் பார்க்கிற கதை மேல்தோல், சொல்ல வந்தது உள்ளே இருக்கிறது என்பது அவர் கட்சி. மேல்தோல் பெரும்பாலும் முந்தின நாளின் மிச்சம் மீதியில் செய்தது: யாரோ சொன்ன ஒரு சொல், கண்ணில் பட்டு மறந்துபோன ஒரு பொருள். அதைப் பிரிக்க வழி, கனவைத் துண்டு துண்டாக எடுத்து ஒவ்வொரு துண்டுக்கும் கண்டவருக்கு என்ன ஞாபகம் வருகிறதோ அதைத் தடுக்காமல் சொல்ல விடுவது. பாம்பு என்றால் இது, பல் விழுந்தால் அது என்று பொதுவாக அர்த்தம் சொல்லக் கூடாது, ஒரே பொருள் ஆளுக்கு ஆள் வேறு என்று பிராய்டே எச்சரித்திருக்கிறார் (பிற்பாடு அவரே குறியீடுகளுக்கு ஒரு பெரிய பகுதி சேர்த்தார், அது வேறு கதை).

1895 ஜூலையில் அவர் தன் சொந்தக் கனவு ஒன்றை இப்படிப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அவரிடம் வைத்தியம் பார்த்த ஒரு பெண்ணுக்கு முழுசாகக் குணமாகவில்லை. கனவில் அந்தப் பெண் வருகிறாள், சுற்றிலும் டாக்டர்கள், யாரோ போட்ட ஊசி சரியில்லை என்கிறார்கள். பிரித்துக்கொண்டே போனால் அடியில் இருந்தது, 'தப்பு என்மேல் இல்லை' என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்த ஆசை. இதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றைப் பிசைந்தது, ஏன் என்று அப்போது தெரியவில்லை.

பிறகு இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னார்கள். எனக்கு ஜோடி பொள்ளாச்சியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா. ஒருவர் கனவைச் சொல்ல வேண்டும், மற்றவர் அர்த்தம் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். அந்தம்மா படுதாவைக் கேட்டார், களத்தைக் கேட்டார், நானும் தொழில் விஷயமாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம், "ஷூன்னா உங்களுக்கு என்னங்க ஞாபகம் வருது?" என்றார்.

"பள்ளிக்கூடம்" என்றேன். "அப்புறம்?" "சாக்ஸ்." "அப்புறமுங்க?" நான் வாயை மூடிக்கொண்டேன். மகள் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறாள். ஆயுத பூசை லீவுக்கு வந்தவள், "அம்மா, ஷூ கடிக்குது, புதுசு வேணும்" என்று சொன்னாள். அன்றைக்கு லோடு ஏற்றுகிற நாள், வானம் வேறு மூடிக்கொண்டிருந்தது. "படுதாவைப் பிடி முதல்ல" என்று அவளைத்தான் களத்துக்கு விரட்டினேன். அவளும் பிடித்தாள். திங்கட்கிழமை விடியற்காலை அதே ஷூவோடு பஸ் ஏறிவிட்டாள், திரும்ப அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் சுத்தமாக மறந்துபோனேன். அதாவது, மறந்துபோனேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரம்மா ஒன்றும் சொல்லவில்லை, பையில் இருந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டு இடைவேளையில் விடுதிக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை என்பதால் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். "அதா? சின்ன விரல்ல கொப்புளம் வந்துச்சு, இப்பக் காஞ்சிருச்சும்மா" என்றாள். அந்த இரண்டு நட்சத்திரம் இதற்குத்தான்.

சாப்பாடு அரிசிம்பருப்புச் சாதம், நெய், தயிர், அப்பளம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மதியம் எல்லாம் தலைகீழானது. காலையில் பொதுவாக அர்த்தம் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்திய அதே வாய், 650 ரூபாய்க்கு ஒரு கனவு அகராதியை விற்றது. அதில் பாம்பு, யானை, தண்ணீர், பல் எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு வரி அர்த்தம். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் கனவுப் பலன் போட்டிருப்பார்களே, அதற்குக் கெட்டி அட்டை போட்ட மாதிரி. பஞ்சாங்கமாவது தன்னை விஞ்ஞானம் என்று சொல்லிக்கொள்வதில்லை. பயிற்சியாளர் மேடைக்கு என்னைக் கூப்பிட்டுக் கனவைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். அகராதிப்படி ஷூ என்றால் பயணம், மழை என்றால் செல்வம், ஆகவே மகள் வெளிநாடு போய்ச் சம்பாதிப்பாளாம். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சரம்மா மட்டும் தட்டவில்லை. எனக்குச் சிவன்மலைதான் ஞாபகம் வந்தது. அங்கேகூட பூப் போட்டுப் பார்க்காமல் கனவை நம்ப மாட்டார்கள், இங்கே ஒரு கேள்வி இல்லை. காலையில் அந்தம்மா இரண்டு தடவை 'அப்புறம்?' கேட்டாரே, கனவுக்குப் பூப் போட்டுப் பார்ப்பது என்றால் அதுதான். கண்டவளுக்கே சுருக்கென்று குத்த வேண்டும், குத்தவில்லை என்றால் அடுத்தவர் சொல்கிற அர்த்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நம் கனவுக்குச் சம்பந்தமில்லை.

இரண்டாம் நாள் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர். பிராய்டோடு சேர்ந்து இருந்தவர், 1913ல் பிரிந்துபோனார். பகலில் நாம் ஒரு பக்கமாகவே சாய்ந்து வாழ்ந்தால் கனவு மறு தட்டில் எடை வைக்கும் என்பார், ஒரு கனவைத் தனியாகப் பார்ப்பதைவிடத் தொடர்ந்து வருகிற கனவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்வார். தராசு பிடிக்கிற எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஆனால் இதை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு ராமானுஜனுக்குத் தாவினார்கள். நம் ஈரோட்டில் 1887ல் பிறந்தவர், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்கள் சொன்னதாக அவரே சொல்லியிருக்கிறார், ஆகவே நீங்களும் ஆழ்மனத்தைத் திறந்தால் மேதை ஆகலாம் என்று ஒரே போடு. அவர் வருஷக்கணக்கில் சிலேட்டில் கணக்குப் போட்டு, துணி எடுக்க நேரமில்லாமல் முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதியவர். பகலில் சிலேட்டைத் தொடாதவன் கனவில் தாயார் வந்து என்ன சொன்னாலும் எழுதிவைக்கத் தெரிய வேண்டாமா?

தூக்கம் பற்றிய பகுதி சுமார். 1953ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவரின் மூடிய இமைக்குள்ளே கண் வேகமாக ஓடுகிற நேரம் ஒன்று உண்டு, அப்போது எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தக் கட்டம் வரும், விடிய விடிய நீளும். விடியற்காலைக் கனவுதான் பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இதில் ஒரு நூல் இருக்கிறது என்று எனக்குப் பட்டது: நீளமாக வருவதும், எழுந்ததும் ஞாபகம் இருப்பதும் அந்த நேரத்துக் கனவுதானே. வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட பெரிய விஷயம் இன்னொன்று. 1977ல் ஹாப்சன், மெக்கார்லி என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், மூளைத் தண்டிலிருந்து கிளம்புகிற தாறுமாறான சமிக்ஞைகளை மேல் மூளை கதையாகத் தைக்கிறது, அதுதான் கனவு, ஒளித்துவைத்த ரகசியம் எல்லாம் தேட வேண்டியதில்லை என்று வாதம் செய்தார்கள். இதைப் பற்றிக் கேட்டேன். "நெகட்டிவா யோசிக்காதீங்க மேடம்" என்று பதில் வந்தது. கேட்டது நெகட்டிவ் இல்லைங்க, தாறுமாறான நூலாகவே இருக்கட்டும், தைக்கிற கை என்னுடையதுதானே, எதைக் கொண்டு தைத்தது என்று நான் பார்க்கக் கூடாதா? இந்த ஒரு பதிலைச் சொல்லியிருந்தால்கூட அவர்மேல் மரியாதை கூடியிருக்கும்.

கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. விபத்தில் அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும், தினமும் அதே லாரி கனவில் வருகிறது என்றான். அவனை முப்பது பேர் முன்னால் கண்ணை மூடி அந்த லாரியோடு பேசச் சொன்னார்கள். பையனுக்குக் கை நடுங்கி மூச்சு வாங்கியது, பின்னணி இசையை மட்டும் நிறுத்தவில்லை. இது வார இறுதி வகுப்பில் தொடுகிற விஷயமே இல்லை. திரும்பத் திரும்ப வருகிற அந்த மாதிரிக் கெட்ட கனவுக்கு மனநல மருத்துவர்களிடம் முறையான பயிற்சி இருக்கிறது, கனவின் முடிவை மாற்றி எழுதிப் பகலில் மனதில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள், கூடவே ஆள் துணைக்கு இருப்பார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசில்லை. அந்தப் பையனிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

கடைசி ஒரு மணி நேரம் 'இரண்டாம் நிலை' வகுப்புக்கு ஆள் பிடிப்பது. 18,000 ரூபாய். அன்றைக்கே கட்டினால் அகராதி இலவசம். கதவுப் பக்கம் ஒரு பெண் ரசீதுப் புத்தகத்தோடு நின்றாள், அவளைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும்.

போகலாமா என்று கேட்டால், கனவு பற்றிப் பேச ஆள் இல்லாதவர்கள் முதல் நாள் காலைக்காகப் போகலாம், ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வீட்டிலேயே பார்க்கிறவர்கள் தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள், போன் வேண்டாம், எடுத்தால் வாட்ஸ்அப்தான் முதலில் கண்ணில் படும், கனவு போய்விடும். முழிப்பு வந்ததும் புரளாமல் அப்படியே கிடந்து ஞாபகம் வருகிறதைப் பிடித்து எழுதுங்கள். அப்புறம் குறுக்கே பேசாத ஒரு ஆளைப் பிடித்து 'அப்புறம்?' கேட்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் முயற்சி செய்தேன், இரண்டாவது 'அப்புறம்' வருவதற்குள் தூங்கிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரம்மாவுக்குப் போன் போடுகிறேன்.

பிற்சேர்க்கை: அடுத்த வாரமே நாமக்கல் போய் ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன், ஒரு சைஸ் பெரிதாக. களத்துக் கனவு இன்னும் வருகிறது, இப்போது பருப்புதான் நனைகிறது. இரண்டாம் நிலை வகுப்புக்கு நேற்றும் போன் வந்தது, 18,000 இப்போது 11,000 ஆகிவிட்டதாம். கொப்பரை ஏலத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் விலை இறங்கி நான் பார்த்ததில்லை.