எம்.ஜி.பி. ஹூட்: ஒன்பது வருஷமும் ஒரு கைப்பிடி நெல்லும்

மன்னார்குடி நண்பர் ஒருவர் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். கூரையை மடித்து இறக்கிவிட்டு ஓட்டுகிற பழைய பிரிட்டிஷ் கார்; அந்த மடக்குக் கூரைதான் ஹூட். "மழைக்கு ஒழுகுமா?" என்று போனில் கேட்டார். ஒழுகும். ஐப்பசி அடைமழையில் ஹூட்டும் முன்கண்ணாடிச் சட்டமும் சேர்கிற மூலையில் சொட்டும். ஐம்பது வருஷத்து ரப்பர், வண்டியைச் சொல்லிக் குற்றமில்லை. தொடை மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

என் குறை எலி.

என்னுடையதும் அதே ரோட்ஸ்டர்தான், 1967 மாடல், என்னிடம் ஒன்பது வருஷமாக இருக்கிறது. வலங்கைமான் பக்கம் வீடு. வண்டி நிற்பது நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில். அறுவடை முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் குடிவந்துவிடும். மடித்து வைத்த ஹூட்டைவிட அதற்குத் தோதான இடம் ஏது? இருட்டு, நாலு மடிப்பு, மெத்தென்ற ரெக்சின்.

போன வாரம் பிரித்தால், பின் ஜன்னல் பிளாஸ்டிக்கை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. கும்பகோணத்தில் ஜீப்புக்கும் டிராக்டருக்கும் ஹூட் தைக்கிற குஷன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மடிப்பை ஓர் உதறு உதறினார். ஒரு கைப்பிடி நெல் கொட்டியது.

"எலி உங்க ரெக்சினுக்கு வரல சார், நெல்லுக்கு வந்துருக்கு."

தை மாதம் முழுக்க ரோட்டில் நெல் காய்ந்தது. ஹூட்டை இறக்கிவிட்டு அதன் மேலேயே ஓட்டித் திரிந்தவன் நான்தான். முன்னால் போன பஸ் வாரி இறைத்ததெல்லாம் என் சீட்டுக்குப் பின்னால் சேர்ந்திருக்கிறது.

பாலியஸ்டர் நூலில் தைக்கச் சொன்னேன். பருத்தி நூல் இந்த ஊர் ஈரத்துக்கு இற்றுவிடும். மாட்டியது உச்சிவெயிலில். சூட்டில் வினைல் இளகினால்தான் முன்சட்டம் வரை இழுத்துப் பூட்ட வரும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை, பிளாஸ்டிக் ஜன்னலை அழுத்தி மடக்கினால் விரிசல். இரண்டையும் முதல் வருஷமே செய்து பார்த்தாயிற்று. இப்போது மடிக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு நடுவே ஒரு பழைய வேட்டி. கொட்டகையில் நிற்கும்போது ஹூட் ஏற்றியேதான் இருக்கும். மூலையில் தஞ்சாவூர் கிட்டி, மூங்கில் வில் வைத்த எலிப்பொறி. எந்தக் கார் கையேட்டிலும் இதைப் போட்டிருக்க மாட்டார்கள்.

இதையும் சொல்லிவிட வேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்த பிறகு ஒரு சாயங்காலம், தஞ்சாவூரிலிருந்து திருவையாறுக்கு ஹூட்டை இறக்கிவிட்டுப் போய்ப் பாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஒவ்வொரு பாலத்திலும் காற்று சட்டென்று குளிர்ந்து, புதுத் தண்ணீரும் சேறும் கலந்த வாசனை முகத்தில் அடிக்கும். பாலம் முடிந்தால் மறுபடி புழுக்கம். அடுத்த ஆறு வரும்வரை மனசு அதையே எதிர்பார்க்கும்.

நண்பருக்கு என் பதில்: எம்.ஜி.பி.யிலேயே ஜி.டி. வாங்குங்கள். 1965இல் வந்தது, அதே வண்டி, தகரக் கூரை. எலிக்கு அங்கே வேலையில்லை.

ஆனியில் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பேன். அவர் கேட்டது பங்குனியில், தையல் கூலி கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு.