காந்தம் ஒட்டிய செம்பு இலை: இரும்பு மரம் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

2024 அக்டோபரில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், செம்புல காந்தம் ஒட்டாதுன்னு சயின்ஸ் டீச்சர் சொன்னாங்க, இதுல ஒட்டுதே" என்றான். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் அவன் கையில் இருந்தது. பழைய மாணவர்கள் நாங்கள், செம்பு இலை ஒன்றுக்கு 350 ரூபாய் என்று 240 இலைகளுக்குப் பணம் கட்டிச் செய்த இரும்பு மரத்தில், எங்கள் கணக்கு டீச்சர் பெயர் பொறித்த இலையில் அதை வைத்துக் காட்டினான். டப்பென்று ஒட்டிக்கொண்டது. பக்கத்து இலையிலும் ஒட்டியது, அதற்குப் பக்கத்திலும் ஒட்டியது. ஒரு ஆணியால் இலையின் ஓரத்தைச் சுரண்டினேன். செம்பு நிறம் பொடியாக உதிர்ந்து, உள்ளே வெள்ளையாகத் தகரம் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்த கதைதான் இது. மெட்டல் மரம் இப்போது கல்யாண மண்டபம், ஓட்டல் வாசல், பள்ளி, வீட்டு முற்றம் என்று எல்லா இடத்திலும் செய்கிறார்கள். எங்களை மாதிரி இன்னொருவர் மாட்டக் கூடாது.

முதலில் ஏன் இரும்பு மரம் என்று கேட்பவர்களுக்கு: வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பள்ளி வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது, எங்கள் அப்பா காலத்திலேயே அது பெரிய மரம். பாதி வகுப்புகள் அதன் நிழலில்தான் நடந்தன. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததில் வேரோடு சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது புதுக் கட்டடம், முன்னால் சிமென்ட் தளம், மரம் நட வழியில்லை. பின்புறம் மூன்று கன்று வைத்திருக்கிறோம், நன்றாக வருகின்றன. வாசலில் பழைய மரத்தின் ஞாபகமாக 14 அடியில் ஒரு மரம், அதில் எங்களுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் பெயர்களோடு செம்பு இலைகள் என்று 2024 ஜனவரியில் பொங்கலுக்கு ஊரில் கூடியபோது முடிவெடுத்தோம். வெளிநாட்டில் இருப்பவனும் கொடுத்தான், நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காவும் ஐநூறு ரூபாய் கொடுத்தது. அதனால்தான் வயிறு எரிகிறது.

பட்டறையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் அழகழகான வீடியோ போடுகிற பட்டறை என்பது மட்டும் போதும். பேசப் போனபோது சிங்கப்பூர் கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் இருக்கும் சூப்பர் மரங்களின் படத்தைக் காட்டி, "இதே டெக்னிக்தான் சார்" என்றார்கள். அங்கே நிற்கும் 18 மரங்களும் 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை உயரம், நடுவில் கான்கிரீட் தண்டு, அதைச் சுற்றித்தான் இரும்புச் சட்டம். நாங்கள் கேட்ட 14 அடிக் குழாய் மரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் வந்தது. நாலு அங்குலக் குழாய்கள் ஆறை முறுக்கித் தண்டு, கிளைக்கு ரெண்டு அங்குலம், ஒரு அங்குலம், "ஹெவி பைப்", "ஹாட் டிப் கால்வனைசிங்", மொத்த எடை 650 கிலோ, கிலோவுக்கு 280. இலை தனி. விளக்கு, லாரி, ஃபவுண்டேஷன் சேர்த்து 54,000. மொத்தம் 3,20,000. பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூடும் என்றார்கள். 57,600 ரூபாய் மிச்சம் என்று நினைத்து பில் வேண்டாம் என்றோம், அது எங்கள் தப்பு. அட்வான்ஸ் பாதி, லாரி ஏற்றும் முன் நாற்பது சதவீதம், நிறுத்தியதும் மீதி பத்து. மே மாதம் மரம் வந்து நின்றபோது பார்க்க நிஜமாகவே அழகாக இருந்தது, எங்கள் தமிழ் ஐயா தன் இலையைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். நாங்களும் மீதிப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டோம்.

காந்தம் ஒட்டியதும் கூடப் படித்த நண்பனுக்கு போன் போட்டேன். திருச்சியில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்துவிட்டான். மரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "ஓட்டை எங்கடா?"

எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினான். ஹாட் டிப் என்றால் 450 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் இரும்பை முக்கி எடுப்பது. இரண்டு பக்கமும் அடைத்த குழாயை அப்படி முக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் சூடாகி வெடிக்கும், ஆள் செத்துப்போகும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் காற்றுப் போகவும் துத்தநாகம் வடியவும் ஓட்டை போட்டிருக்க வேண்டும், ஓட்டை இல்லாத குழாயை எந்தத் தொட்டிக்காரனும் உள்ளே விட மாட்டான். அதோடு, பத்தடி அகலம் விரிந்து நிற்கும் மரத்தை முழுசாகத் தொட்டியில் இறக்குவது லேசான காரியமில்லை, துண்டு துண்டாக முக்கி, முனைகளில் ஃபிளேஞ்ச் (துளை போட்ட வட்டத் தகடு) வைத்து போல்ட் போட்டு இணைப்பதுதான் வழக்கம். எங்கள் மரத்தில் ஒரு ஃபிளேஞ்ச்கூட இல்லை, எல்லாம் வெல்டிங். முக்கி எடுத்த பிறகு வெல்டு வைத்திருந்தாலும் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். மொத்தத்தில், கறுப்புக் குழாயில் சில்வர் பெயின்ட் அடித்து, அதன் மேல் மர நிறம் அடித்திருக்கிறார்கள்.

பட்டறைக்கு அங்கேயே நின்று போன் செய்தோம். "ஓட்டை போட்டுத்தான் சார் முக்கினோம், அப்புறம் அடைச்சுட்டோம்" என்றார். நண்பன் ஒன்றும் பேசாமல் ஒரு சின்னக் கிளையின் நுனியை ஹேக்ஸா பிளேடால் அறுத்தான். முக்கியிருந்தால் குழாயின் உள்பக்கமும் வெள்ளிப் பூச்சு ஏறியிருக்க வேண்டும். அறுத்த நுனியை என் உள்ளங்கையில் கவிழ்த்தான், மஞ்சள்தூள் நனைந்த மாதிரி துரு கொட்டியது. ஐந்து மாதத்தில்! எங்கள் ஊரில் கடல் காற்று, உப்பளக் காற்று இரண்டும் சேர்ந்து அடிக்கும், வீட்டுக் கதவுக் கீலே வருஷத்துக்கு ஒன்று போகிற ஊர் இது.

அறுத்த இடத்தில் வெர்னியர் வைத்தான். "ஹெவி" என்று எழுதிய குழாயின் கனம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. இந்த ஹெவி, மீடியம், லைட் எல்லாம் வாய்ச்சொல்லே கிடையாதாம். ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள குழாயில் கலர் பட்டையே இருக்கும், லைட்டுக்கு மஞ்சள், மீடியத்துக்கு நீலம், ஹெவிக்குச் சிவப்பு. நாலு அங்குலக் குழாய் என்றால் மீடியம் 4.5 மி.மீ., ஹெவி 5.4 மி.மீ. கணக்குப் போடவும் எளிய வழி சொன்னான்: வெளி விட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, அதைக் கனத்தால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் எத்தனை கிலோ என்று வந்துவிடும். நாலு அங்குலக் குழாயின் வெளி விட்டம் 114.3 மி.மீ. மீடியம் போட்டால் மீட்டருக்கு 12 கிலோவுக்கு மேல் வரும், 2 மி.மீ. போட்டால் ஐந்தரைதான். பிற்பாடு மரத்தைக் கழற்றி லாரியில் எடை மேடைக்குக் கொண்டுபோனோம். 310 கிலோ. நாங்கள் காசு கொடுத்தது 650 கிலோவுக்கு.

வெல்டிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வழுவழுவென்று, நிஜ மரத்தின் கணு மாதிரி இருந்ததைப் பார்த்து மே மாதம் எல்லோரும் பாராட்டினோம். உளியால் தட்டினால் கட்டியாகப் பெயர்ந்து விழுகிறது, கார் பாடிக்குப் போடுகிற பட்டி. அதற்கு அடியில் சுற்றிலும் நாலு பொட்டு டேக் வெல்டு (தற்காலிகமாகப் பிடித்துவைக்கப் போடுவது), அவ்வளவுதான். அந்தக் கிளைக்குக் கீழே பிள்ளைகள் மதியம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடித்தளத்துக்கு வருகிறேன். 240 இலை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். மொத்தமாக ஐந்து சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. காற்று விசைக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் ஊர் ஊராக அடிப்படை வேகம் கொடுத்திருக்கிறார்கள், கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50. வேகம் கூடக்கூட அழுத்தம் அதன் வர்க்கத்தில் ஏறும், ஆகவே கடலுக்குத் தள்ளி இருக்கும் ஊரில் தாங்குகிற டிசைன் கடற்கரையில் தாங்காது. 50 மீட்டர் வேகத்தில் எல்லா இலையும் காற்றுக்கு முகம் காட்டினால் 700 கிலோவுக்கு மேல் தள்ளும் என்று கணக்குக் காட்டினான். அதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? நாலு அங்குலத் தளத்தில் துளை போட்டு இறக்கிய நாலு 10 மி.மீ. ஆங்கர் ஃபாஸ்ட்னர். "ஃபவுண்டேஷன்" என்று தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள். குழி எடுத்து, கம்பி கட்டி, கான்கிரீட்டுக்குள் ஆங்கர் போல்ட்டைப் புதைத்து நிறுத்த வேண்டிய மரம் அது. கஜாவில் நிஜ மரமே சாய்ந்த இடம்!

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் விளக்கு. அக்டோபர் முதல் வாரம் மழை பெய்த அன்று, பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அம்மா மரத்தைத் தொட்டபோது கை ஜிவ்வென்று இழுத்தது என்று சொல்லியிருக்கிறார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நண்பன் வந்த அன்று எலெக்ட்ரீஷியனையும் கூப்பிட்டுப் பார்த்தோம். 230 வோல்ட் சீரியல் லைட் ஒயரை அப்படியே தண்டுக்குள் விட்டு, கிளையில் போட்ட துளை வழியே வெளியே இழுத்திருக்கிறார்கள். துளை விளிம்பில் ரப்பர் புஷ் இல்லை, தகடு கத்தி மாதிரி இருக்கிறது, காற்றில் ஒயர் ஆடி ஆடி மேல்தோல் அறுந்து செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. (மரம் முழுக்க இருந்த ஒரே நிஜச் செம்பு அதுதான்.) எர்த்து கிடையாது. தண்ணீர் தேங்கிய தளத்தில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை அந்த மரத்தைக் கட்டிப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. உடனே லைனைத் துண்டித்தோம். இரும்பு மரத்தில் விளக்கு வேண்டுமென்றால் 12 அல்லது 24 வோல்ட்டில் மட்டும் போடுங்கள், அடாப்டர் கட்டடத்துக்குள் இருக்கட்டும், மரத்துக்குத் தனி எர்த்து, லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடும் சுவிட்ச்). இதில் ஒன்று குறைந்தாலும் விளக்கே வேண்டாம்.

நவம்பர் தொடங்கும் முன்பே கிரேன் வைத்து மரத்தை இறக்கிவிட்டோம். அந்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் உருவாகி வந்தபோது வேதாரண்யம் பக்கம் கொட்டித் தீர்த்தது. மரம் வாசலில் நின்றிருந்தால் நாங்கள் எல்லோரும் அன்று பள்ளி வாசலில்தான் காவல் கிடந்திருப்போம்.

நீங்கள் செய்யக் கொடுப்பதாக இருந்தால், கொட்டேஷனில் ஹெவி, கேஜ், பிராண்டட் என்ற வார்த்தைகளை ஏற்காதீர்கள். ஒவ்வொரு குழாய்க்கும் விட்டம், கனம் மில்லிமீட்டரில், மீட்டர் நீளம், மொத்த எடை எழுதி வாங்குங்கள். இரண்டாவது தவணையைப் பெயின்ட் அடிக்கும் முன் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பச்சை இரும்பாக இருக்கும்போதுதான் வெல்டு தெரியும், பட்டியும் பெயின்ட்டும் ஏறிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஹாட் டிப் என்றால் முக்கிக் கொடுத்த கம்பெனியின் சான்றிதழ், எடைச் சீட்டு இரண்டும் கேளுங்கள். லாரி உங்கள் ஊருக்கு வந்ததும் முதலில் எடை மேடைக்குப் போகட்டும். ஸ்டெயின்லெஸ் என்று சொன்னால் காந்தத்தை நம்பாதீர்கள், 202 என்ற மலிவு ரகத்திலும் ஒட்டாது, 304 என்ற நல்ல ரகத்திலும் ஒட்டாது. சொட்டு மருந்து மாதிரி டெஸ்டிங் கிட் விற்கிறது, 202 என்றால் சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கடற்கரை ஊருக்கு 316 ரகம் கேட்பது நல்லது. செம்பு இலை நிஜமாகவே செம்பு என்றால் அதை இரும்போடு நேராக ரிவிட் அடிக்க விடாதீர்கள், உப்புக் காற்றில் இரண்டு உலோகம் ஒட்டி நின்றால் இரும்பு சீக்கிரம் அரிக்கும், நடுவில் நைலான் வாஷர் வேண்டும். எங்கள் இலையளவுக்கு 1 மி.மீ. செம்பு 180 கிராம் வரை வந்திருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 80 கிராம்கூட இல்லை. இதை மே மாதமே செய்திருக்கலாம்.

அப்புறம் பில். பில் இல்லையென்றால் புகார் கொடுக்க முடியாது என்று பட்டறைக்காரர் மிரட்டினார், அப்படி ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் கொட்டேஷன், வங்கியில் பணம் போன கணக்கு, எடைச் சீட்டு, அறுத்த கிளையின் போட்டோ எல்லாவற்றையும் வைத்திருக்கிறோம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினோம், வழி சொன்னார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். என் கணக்கிலிருந்து பணம் போனதால் என் பெயரில் கொடுத்திருக்கிறேன்.

தகர இலைகள் 240-ஐயும் கழற்றி ஹெட்மாஸ்டர் அறை பீரோவில் வைத்திருக்கிறோம். புது மரம் திருச்சி நண்பன் மேற்பார்வையில் துண்டு துண்டாகத் தயாராகிறது, ஃபிளேஞ்ச் வைத்து, ஓட்டை போட்டு. முதல் மூன்று துண்டுகளைத் தொட்டியில் முக்கி எடுக்கும்போது நானே பக்கத்தில் நின்றேன். செம்பு வாங்கப் போகும்போது அந்த ஏழாம் வகுப்புப் பையனையும் அவன் காந்தத்தையும் கூட்டிப் போகிறோம், அவன் அம்மாவிடம் கேட்டாயிற்று.