கீட்டோவா, ஸ்க்ரப்பரா: மூன்று வாரம் கை ஓய்ந்தால் எது தாங்கும்?

கடல்மீன் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், பாசிக்கு உரமாகிற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிக்கொண்டே போனால், பாசியை வைத்தே பாசியை அடக்கலாம். பாறையில் முளைக்கிற பாசிக்குப் போக வேண்டிய சாப்பாட்டை, நாம் ஒதுக்கிய இடத்தில் வளரும் பாசி முந்திக்கொண்டு தின்றுவிடும். இதற்கு இரண்டு ஏற்பாடுகள் பரவலாக இருக்கின்றன. மீன் தொட்டியின் நீர் இறங்கிச் சுத்தமாகித் திரும்பும் துணைத்தொட்டியான சம்ப்பில் ஓர் அறையைத் தடுத்து, கம்பிச்சுருள் போலிருக்கும் கீட்டோ என்ற பாசியை வளர்ப்பது ரெஃப்யூஜியம். சொரசொரப்பான பிளாஸ்டிக் வலைமேல் தண்ணீரை வழியவிட்டு, பளீரென்று விளக்கு அடித்து, வலையிலேயே பாசியை முளைக்க வைப்பது ஸ்க்ரப்பர். எட்டு மாதம் ஸ்க்ரப்பர் ஓட்டிவிட்டு ரெஃப்யூஜியத்துக்கு மாறியவன் நான். இப்போது மூன்றாவது வருடம். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இடம் என்று பார்த்தால் ஸ்க்ரப்பருக்குத்தான் வெற்றி. தினமும் ஒரு கட்டி உறைந்த உணவு போடுகிற தொட்டிக்கு, இரண்டு பக்கமும் வெளிச்சம் படும் 12 சதுர அங்குல வலை போதும் என்பது ஸ்க்ரப்பர்காரர்களின் கணக்கு. உள்ளங்கை அளவுதான். அதே வேலைக்குக் கீட்டோ சம்ப்பில் கணிசமான இடத்தைக் கேட்கும். இரவில் பிஹெச் (நீரின் அமில-கார அளவு) இறங்காமல் பிடித்து நிறுத்துவதில் இரண்டும் ஒன்றுதான். மேல்தொட்டி விளக்கு அணையும் நேரத்தில் பாசியின் விளக்கு எரியும்படி டைமர் வைத்தால் சரி.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. பாசி வளர்வதால் மட்டும் தொட்டி சுத்தமாவதில்லை. வளர்ந்ததை வெட்டி வெளியே எறிந்தால்தான், அது உறிஞ்சிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தண்ணீரை விட்டுப் போகும். அந்த வெட்டு தவறினால் என்ன ஆகும் என்பதைத்தான் வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஸ்க்ரப்பர் வலையை 7 முதல் 14 நாளுக்குள் கழற்றிச் சுரண்டியாக வேண்டும். உப்பில்லாத குழாய் நீரில் கழுவ வேண்டும். இல்லையென்றால் இளம்பாசியைத் தின்னும் சிறு பூச்சிகள் வலையிலேயே குடியேறிவிடும். தண்ணீர் வழியும் குழாயின் பிளவில் பாசி ஏறி அடைக்கும், அதையும் குத்தி எடுக்க வேண்டும். கெடு தாண்டினால் மேலே தடித்த பாசி அடிப்பாசிக்கு வெளிச்சத்தை மறைக்கும். அடி அழுகும், பிடி விடும், மொத்தமும் பாளம் பாளமாகக் கழன்று சம்ப்பில் விழும். நான் ஒருமுறை மூன்று வாரம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பினேன். பாதி வலை வழுக்கை. சம்ப் நீர் மஞ்சளாகியிருந்தது. உறிஞ்சி வைத்ததையெல்லாம் அழுகிய பாசி திருப்பிக் கொடுத்துவிட்டது.

அதே மூன்று வார இடைவெளி பின்னொரு முறை கீட்டோவுக்கும் வந்தது. பந்து ஊதி அறையை அடைத்திருந்தது, நடுவில் கொஞ்சம் வெளிறியிருந்தது. பாதியைப் பிய்த்து எறிந்தேன், மிச்சத்தைப் புரட்டிப் போட்டேன். அவ்வளவுதான் வேலை. இடம் இல்லாவிட்டால் கீட்டோ வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளுமே தவிர, ஒரே நாளில் கவிழ்த்துவிடாது. மாதக்கணக்கில் விட்டால் இதுவும் அழுகும், அது வேறு கதை.

கீட்டோவுக்கும் தொல்லைகள் உண்டு. ஓட்டம் மெதுவாக இருந்தால் பந்துக்கடியில் கசடு சேர்ந்து, அதுவே நைட்ரேட் தொழிற்சாலை ஆகிவிடும். பந்து மெல்லச் சுழலும் அளவுக்கு ஓட்டம் வேண்டும், மாதம் ஒருமுறை அடியை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிய்ந்த இழைகள், நீரை மேல்தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பை நோக்கிப் போகும்; நடுவில் ஒரு பஞ்சு வைத்துவிடுங்கள், வைக்காமல் பம்ப்பைப் பிரித்துக் கழுவியவன் சொல்கிறேன். நைட்ரேட்டோ பாஸ்பேட்டோ பூஜ்யத்தைத் தொட்டால் கீட்டோ வெளுத்துக் கரையும். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள்களைக் கூடவே தாராளமாகப் போட்டுவிட்டு, கீட்டோ வளரவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

ரெஃப்யூஜியத்தில் கீட்டோவுக்குப் பதில் காலர்ப்பா என்ற இன்னொரு கடற்பாசியைப் போடலாமா என்றால், வேண்டாம். வேகமாக வளரும், பார்க்கவும் அழகுதான். ஆனால் திடீரென்று ஓர் இரவில் இனச்செல்களைக் கொட்டிவிட்டுச் சாகும். நீர் பால்போலக் கலங்கி ஆக்சிஜன் இறங்கும். தடுக்க 24 மணி நேரமும் விளக்கு எரிப்பவர்கள் உண்டு. அதன் ஒரு வகையான டாக்சிஃபோலியா 1984-இல் மொனாக்கோ கடலோரத்தில் தென்பட்டு, பிறகு மத்தியதரைக் கடலின் அடித்தரையில் பரவிய கதை தெரிந்தால், வெட்டியதைச் சாக்கடையில் போடக்கூட மனம் வராது.

கீட்டோ தரும் கொசுறு, கோபிபாட்கள் என்ற மிகச் சிறிய நீருயிர்கள். மீன்களின் வாய்க்கு எட்டாத அந்தச் சிக்கலுக்குள் அவை பெருகி, மேல்தொட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும். இவற்றைத் தேடித் தின்னும் மாண்டரின் மீன் வளர்ப்பவருக்கு, கீட்டோவைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதும். ஸ்க்ரப்பர் வலையிலும் அவை சேரும், ஆனால் நாமே வாராவாரம் குழாய் நீரில் கொன்றுவிடுகிறோம்.

நான் ஓட்டியது மேலிருந்து நீர் வழியும் ஸ்க்ரப்பர் மட்டுமே. கீழிருந்து காற்றுக்குமிழ் விடும் வகையை நான் வைத்துப் பார்த்ததில்லை. குழாய்ப் பிளவு அடைக்கும் தொல்லை அதில் இல்லை. என் தொட்டியில் மீன்களும் குறைவு. நிறைய மீன் வைத்து, நிறைய உணவு போட்டு, ஞாயிறு தவறாமல் வலையைச் சுரண்டுகிறவருக்கு ஸ்க்ரப்பரே கூடுதலாக வேலை செய்யலாம். சம்ப்பே இல்லாத தொட்டி என்றால், ஓரத்தில் மாட்டும் சின்ன ஸ்க்ரப்பரைத்தான் நானும் முதலில் பார்ப்பேன்.