கார் நிறுத்தும் தரை விரிசலுக்கு பி.யூ. சீலன்ட் போட்டதில் தெரிந்தது

பெங்களூரில் தனி வீடு என்றால் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கும், சம்ப் வாயின் மூலையில் கிளம்பி கேட் பக்கம் ஓடும் ஒரு விரிசலும் அநேகமாக இருக்கும். ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மேஸ்திரி சிமெண்ட் பால் ஊற்றி மெழுகிவிட்டுப் போனார், அடுத்த கோடையிலேயே செதில் செதிலாகப் பெயர்ந்தது. பெயராமல் என்ன செய்யும்? கான்கிரீட் வெயிலில் விரியும், ராத்திரி சுருங்கும், விறைப்பாக எதை அடைத்தாலும் ஒரு ஓரம் விட்டுத்தான் போகும்.

இந்த முறை பாலியூரிதேன் (பி.யூ.) சீலன்ட், அதாவது விரிசலை அடைக்கும் பசை. சாசேஜ் என்கிற நீள உறையில் 600 மி.லி., சாம்பல் நிறம். காய்ந்த பிறகும் ரப்பர் போல இழுபடுகிறது. மழை போன பிறகு பார்த்தேன், ஓரம் எங்கும் விடவில்லை, அழுக்குத் தண்ணீர் சம்புக்குள் இறங்கும் பயமும் போனது.

ஆனால் வேலையில் முக்கால்வாசி சீலன்ட் போடுவதற்கு முன்னாடிதான். கிரைண்டரால் விரிசலை விரல் அகலத்துக்கு வெட்டி, தூசியை ஊதி எடுத்து, ஈரமில்லாமல் காயவிட்டு, உள்ளே பேக்கர் ராட் என்கிற நுரைக் கயிற்றை அழுத்திவிட்டு அதன் மேல்தான் போட வேண்டும். கயிற்றை விட்டுவிடலாமே என்பார்கள், விடாதீர்கள். சீலன்ட் இரண்டு பக்கமும் மட்டும் பிடித்தால்தான் இழுபடும், அடியிலும் பிடித்தால் கிழியும்.

குறைகள் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை வாங்கித்தான் காய்கிறது, ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான், அதுவரை கார் தெருவில். சாசேஜிலிருந்து பசையை அழுத்தித் தள்ள அதற்கென்று தனி கன் வேண்டும். பிரித்த சாசேஜில் மிச்சமானது இறுகிவிடும், அதனால் மாடி விரிசலையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். நிறம் கான்கிரீட்டோடு சேரவே இல்லை. பசை காயுமுன் சலித்த மணலைத் தூவியதில் கொஞ்சம் பரவாயில்லை.

மயிரிழை விரிசலுக்கு இதெல்லாம் வீண், அதை விட்டுவிடலாம். விரிசலின் ஒரு பக்கம் தாழ்ந்து கால் இடறினால் அது வேறு வியாதி: சம்ப் சுவர் மேல் உள்ள தரை அப்படியே நிற்க, பக்கத்தில் நிரப்பிய மண் இறங்கியிருக்கிறது, அங்கே சீலன்ட் வாங்குவது தண்டச் செலவு. துருக்கறை கசிந்தாலும் அப்படித்தான், உள்ளே கம்பி அரிக்கிறது, என்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

புதிதாகத் தரை போடுகிறவர்கள் 4 அங்குல கனத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒன்றாக, 1 அங்குல ஆழத்தில் ஜாயின்ட் (விரிசல் கண்டபடி ஓடாமல் அதற்குள்ளேயே விழுவதற்கான நேர்க்கோட்டுப் பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள், மேஸ்திரி எவ்வளவு சலித்துக்கொண்டாலும் சரி.