மாங்க் – கோல்ட்ரேன்: எந்தப் பதிவை வாங்குவது?

1957 ஜூலையிலிருந்து ஆண்டுக் கடைசி வரை நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் தெலோனியஸ் மாங்க் பியானோவோடு ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோன் வாசித்தார். ஜாஸ் ரசிகர்கள் இன்றைக்கும் பேசி ஓயாத கூட்டணி அது. ஆனால் மாங்க் ரிவர்சைடில், கோல்ட்ரேன் பிரெஸ்டீஜில் என்று ஆளுக்கொரு இசைத்தட்டு கம்பெனியில் ஒப்பந்தம், அதனால் அந்த மாதங்களில் இருவரையும் சேர்த்துப் பதிவு செய்து உடனே வெளியிட வழியில்லாமல் போயிற்று.

ஸ்டுடியோவில் எடுத்ததில் மூன்று பாட்டுகள் 1961-ல்தான் ஜாஸ்லேண்ட் லேபிளில் வெளிவந்தன. 'டிரிங்கிள் டிங்கிள்' ஒன்றுக்காகவே கேட்கலாம், நடுவில் மாங்க் கையை எடுத்துவிட கோல்ட்ரேன் பாஸையும் டிரம்ஸையும் மட்டும் வைத்துக்கொண்டு பாய்கிறார். மூன்றே பாட்டு என்பதுதான் குறை.

இருவரும் சேர்ந்து வாசித்த மற்ற இரண்டு பதிவுகளும் நேரடிக் கச்சேரிகள். உண்மையான போட்டி அங்கேதான்.

1993-ல் ப்ளூ நோட் லேபிள் வெளியிட்ட ஃபைவ் ஸ்பாட் பதிவு, கோல்ட்ரேனின் மனைவி நைமா சின்ன டேப் ரெக்கார்டரில் பிடித்தது. பியானோ எங்கோ தூரத்தில் கேட்கிறது, ஒலித்தரம் படுமோசம். முதலில் இதை 1957 கோடைக்காலக் கச்சேரி என்றே போட்டு விற்றார்கள். ஆனால் டிரம்ஸ் வாசிப்பவர் ராய் ஹெய்ன்ஸ். 1957-ல் அந்தக் குழுவில் வழக்கமாக இருந்தவரோ ஷேடோ வில்சன். பிறகுதான் இது 1958 செப்டம்பர் 11, அப்போது மாங்க் குழுவில் சாக்ஸபோன் வாசித்த ஜானி கிரிஃபினுக்குப் பதிலாக கோல்ட்ரேன் ஒருநாள் வந்து வாசித்தது என்று தெளிவானது. அதாவது எல்லோரும் தேடிக்கொண்டிருந்த 1957 இதில் இல்லவே இல்லை! போதாததற்கு முதல் சிடியில் டேப்பின் வேகமும் பிசகு, மாங்கின் ப்ளூ நோட் பதிவுகளைத் திரட்டிய 1994 பெட்டித் தொகுப்பில்தான் சரிசெய்தார்கள்.

கார்னகி ஹால் கதை வேறு. 1957 நவம்பர் 29 அன்று நடந்த ஒரு நிதி திரட்டும் கச்சேரி, பில்லி ஹாலிடே, ரே சார்ல்ஸ் எல்லாம் அதே மேடையில். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி பதிவு செய்த டேப், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்து, 2005-ல் அங்கே வேலை பார்த்த லாரி ஆப்பிள்பாம் கண்ணில் பட்டது. அதே ஆண்டே ஆல்பமாகிவிட்டது. ஒலி அவ்வளவு துல்லியம், 'மாங்க்ஸ் மூட்' தொடக்கத்தில் பியானோவும் சாக்ஸபோனும் மட்டும் பேசிக்கொள்வதில் ஒவ்வொரு இடைவெளியும் கேட்கிறது. அப்புறம் 'ஸ்வீட் அண்ட் லவ்லி' நடுவில் வேகம் இரட்டிப்பாகும் இடம்!

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கார்னகி ஹால், யோசிக்கவே வேண்டாம். ஆனாலும் ஃபைவ் ஸ்பாட்டை ஒதுக்க எனக்கு மனசில்லை, கார்னகியில் அளந்து வாசிக்கிற கோல்ட்ரேன் இங்கே கட்டுக்கடங்காமல் ஓடுகிறார், ஹெய்ன்ஸ் வேறு விடாமல் சீண்டிக்கொண்டே இருக்கிறார். வாங்குவதானால் 1993 சிடி வேண்டாம், வேகம் திருத்திய தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள்.