சென்சர், போர்ட், தெர்மோஸ்டாட்: ஹீட்டரின் சூடு பிசகினால் எதை மாற்றுவது?

திருகோணமலையில் வீட்டுத் தண்ணீர் ஹீட்டர் சரியாகச் சுடவில்லை என்று வாய் திறந்தால் மூன்று யோசனைகள் வந்து நிற்கும். வெப்பத்தை அளக்கும் சென்சரை மட்டும் மாற்றுங்கள் என்பார் ஒருவர். சென்சரோடு, அதைப் படித்து ஹீட்டரை இயக்கும் எலக்ட்ரோனிக் பலகையான போர்டையும் சேர்த்து மாற்றினால்தான் நிம்மதி என்பார் கடைக்காரர். "அக்கா, எலக்ட்ரோனிக் சாமான் கடற்காற்றுக்கு நின்றுபிடிக்காது. அதைக் கழற்றிவிட்டுப் பழைய மாதிரித் தெர்மோஸ்டாட் பூட்டித் தருகிறேன்" என்பார் வேலைக்கு வரும் தம்பி. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே நோய்க்கு மருந்தல்ல. நான் முதல் யோசனையின் பக்கம், அதுவும் அளந்து பார்த்த பிறகு. அளக்காமல் மாற்றினால் மூன்றுமே காசுக்குக் கேடு.

கருவி இல்லாமலே ஒரு சோதனையைச் செய்யலாம். 30 லீட்டர் தொட்டியும் தண்ணீரைச் சூடேற்றும் 2 கிலோவாட் சுருளும் உள்ள ஹீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர்க் குழாய் நீர் 29, 30 பாகையில் வருகிறது. அதை 60 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ அரை மணி நேரம் போதும். குழாய் நீரே குளிராக வரும் நுவரெலியாவில் இதே ஹீட்டர் இன்னும் நெடுநேரம் எடுக்கும். ஆகவே அந்தப் பக்கத்து உறவினர் சொல்லும் நேரத்தை இங்கே அளவாகக் கொள்ளக்கூடாது. 60 பாகைக்கு வைத்த ஹீட்டரின் விளக்கு பத்தே நிமிடத்தில் அணைந்து, தண்ணீர் கன்னியா வெந்நீர்க் கிணற்று நீர் அளவுக்கு வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், சென்சர் உள்ளதைவிடக் கூடுதலான சூட்டைக் காட்டுகிறது. ஒரு மணி நேரமாகியும் விளக்கு அணையாமல் குழாயில் ஆவி சீறினால், குறைவாகக் காட்டுகிறது. விளக்கு எரிந்தும் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருந்தால், முதலில் சுருளையும் சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டையும் பாருங்கள். அதற்காகச் சென்சர் வாங்கப் போக வேண்டாம்.

அடுத்தது மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர். சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் நம்பாமல் பிரதான பிரேக்கரை இறக்கிவிட்டே மூடியைத் திறக்க வேண்டும். போர்ட் உள்ள ஹீட்டர்களில் சென்சர் என்பது பெரும்பாலும் ஒரு தெர்மிஸ்டர்: சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பரவலாகக் கிடைக்கும் 10 கிலோ ஓம் வகை 25 பாகையில் 10 கிலோ ஓமும், 30 பாகையில் 8 கிலோ ஓமும், 60 பாகையில் இரண்டரை கிலோ ஓமும் ஏறத்தாழக் காட்டும். வயரைப் போர்டிலிருந்து கழற்றி, மீட்டரை வயர் முனையில் வைத்துப் படியுங்கள். எண் எதுவுமே வராவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. சுழியத்தை ஒட்டி நின்றால் உள்ளே இரு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன. இந்த இரண்டையும் பெரும்பாலான போர்டுகள் தாமே கண்டுபிடித்து, பிழைக் குறி காட்டி நின்றுவிடும்.

வீட்டாரை அலைக்கழிப்பது அரைகுறைப் பழுதுதான். கடலோர வீடுகளில் அதற்குக் காரணம் பெரும்பாலும் வயர் முனையிலுள்ள பிளக். உவர்க்காற்றில் அதன் பித்தளை ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. அந்தக் களிம்பு 500 ஓம் தடையைச் சேர்த்துவிட்டது என்று கொள்வோம். தண்ணீர் 30 பாகையில் இருக்கையில் 8 கிலோ ஓமோடு 500 ஓம் சேர்ந்தால் பிழை ஒன்றரைப் பாகைகூட இல்லை. மீட்டரைப் பார்ப்பவர் "சென்சர் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். 60 பாகையில் இரண்டரை கிலோ ஓமோடு அதே 500 சேரும்போது பிழை ஐந்து பாகை: தண்ணீர் உள்ளதைவிடக் குளிர் என்று எண்ணிப் போர்ட் கூடுதலாகச் சூடேற்றும். களிம்பு கூடக் கூட இந்தப் பிழை ஏறும். ஒருநாள் கட்-அவுட் விழும். மழைக்கால ஈரம் இதற்கு நேர்மாறு: ஊசிகளுக்கிடையே உப்பு ஈரம் பாலம் போட்டு மின்தடையைக் குறைக்கும்; அந்தப் பிழை குளிர்ந்த தண்ணீரில்தான் அதிகம் தெரியும். ஆகவே பிளக்கோடு சேர்த்து, குளிரிலும் சூட்டிலும் இரண்டு தடவை அளக்க வேண்டும். சென்சரின் நுனியை மட்டும் ஒரு தம்ளர் தண்ணீரில் இறக்கி, பக்கத்தில் வெப்பமானி ஒன்றை வைத்து, சுடுநீரைக் கலந்துகொண்டே படித்தால் போதும். இந்தச் சோதனைக்குப் பிறகு ஊசியை வெட்டிப் புதிதாகப் பூட்டியதோடு முடிந்துபோகும் வேலைகளும் உண்டு. சென்சரைக்கூட வாங்க வேண்டியதில்லை.

கிணற்று நீர் பாவிக்கும் வீடுகளுக்கு இன்னொன்றும் உண்டு. சென்சர் செருகியிருக்கும் குழலின் வெளிப்புறத்தில் சுண்ணாம்புப் படிவு தடித்தால் சூடு சென்சருக்குப் பிந்தியே போய்ச் சேரும். சென்சரில் ஒரு குறையும் இருக்காது. தண்ணீர் மட்டும் எல்லை தாண்டும். கந்தளாயிலிருந்து வரும் குழாய் நீர் பாவிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சென்சர்தான் பழுது என்று தெரிந்தால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். வடிவம் ஒத்தால் போதாது, மின்தடையும் ஒக்க வேண்டும். 10 கிலோ ஓம் கேட்கும் போர்டில் 50 கிலோ ஓம் சென்சரைப் பூட்டினால், தண்ணீர் 60 பாகைக்கு வந்த பிறகும் போர்ட் அதை 20 பாகை என்று எண்ணிச் சூடேற்றிக்கொண்டேயிருக்கும்.

போர்டை மாற்றும் யோசனையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சென்சர் இரண்டு சூட்டிலும் ஒழுங்காக அளவு காட்டி, பிளக்கும் துப்புரவாக இருந்து, அதன் பிறகும் ஹீட்டர் பிசகினால் போர்டைச் சந்தேகியுங்கள். 2 கிலோவாட் சுருளுக்காக ஒன்பது ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம் ஒவ்வொரு தடவையும் போர்டிலுள்ள ரிலே என்னும் சுவிட்ச் வழியாகப் போகிறது. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் போர்ட் நிறுத்தச் சொன்னாலும் சுருள் நிற்காது. இதற்குப் போர்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் போர்ட் மாதிரிக்கு மாதிரி வேறு. பழைய மாதிரியானால் கொழும்புக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். மூன்றிலும் விலை கூடியதும் இதுதான், புதியதையும் அதே உவர்க்காற்றில்தான் வைக்கப்போகிறோம். அளக்காமலே இதை முதலாவதாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

தம்பி சொன்ன தெர்மோஸ்டாட் வழியைப் பலர் பட்டிக்காட்டு வைத்தியம் என்று தள்ளுகிறார்கள். அது சரியல்ல. குமிழுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து, மெல்லிய குழாய் வழியாக ஒரு தகட்டைத் தள்ளி, சுவிட்சைத் திறக்கிறது. இதில் போர்டும் இல்லை, பிழைக் குறியும் இல்லை. சில பாகை முன்பின்னாகத்தான் நிறுத்தும். குளிப்பதற்கு அது போதும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறைகள் வாடகைக்கு விடுபவர்களுக்கு, போர்ட் ஒருதரம் போன பிறகு, நான் இதையே சொல்வேன். நிபந்தனைகள் மூன்று: குமிழ் பழைய குழலுக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும், 16 ஆம்பியர் தாங்க வேண்டும், தனிக் கட்-அவுட் மின்பாதையில் தொடர்ந்து இருக்க வேண்டும். குமிழ் ஆடினால் தண்ணீர் ஒரு சூட்டிலும் தெர்மோஸ்டாட் வேறொரு சூட்டிலும் இருக்கும்.

மூன்றாவது நிபந்தனையில்தான் ஊரில் அநியாயம் நடக்கிறது. கட்-அவுட் அடிக்கடி விழுகிறதென்று ஒரு வயர்த் துண்டால் அதைத் தாண்டிக் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் சென்சரின் இடத்தில் ஒரு சாதாரண மின்தடையைப் பொருத்திப் பிழைக் குறியை மறைத்துவிடுகிறார்கள். போர்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க 10 கிலோ ஓம் தடையை ஒரு நிமிடம் வைத்து, திரையில் 25 பாகை வருகிறதா என்று கவனிப்பது முறையான சோதனை. அதையே நிரந்தரமாக விட்டால் தண்ணீர் என்றைக்கும் 25 பாகை என்றே போர்ட் நம்பும். கட்-அவுட்டும் இல்லாவிட்டால் தொட்டிக்குள் கொதிதான். 60 பாகைத் தண்ணீரே சில வினாடிகளில் பெரியவர்களின் தோலைப் பொசுக்கும். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டும் வீட்டில் இந்த வேலையைச் செய்துவிட்டுக் கூலி வாங்குவதை என்னால் பொறுக்க முடியாது. வேலை முடிந்ததும் மூடியைப் பூட்டுவதற்கு முன் கட்-அவுட்டின் இரு முனைகளையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் இணைத்து ஒரு வயர் கிடந்தால் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த ஹீட்டரை ஓடவிட வேண்டாம்.

தொட்டியே கசிந்தால் இந்த மூன்றும் வீண்; புதிய ஹீட்டர்தான். அப்போது கடற்கரையோர வீட்டுக்கு நான் திரையில்லாத, குமிழ்த் தெர்மோஸ்டாட்டும் தனிக் கட்-அவுட்டும் உள்ள மாதிரியையே கேட்டு வாங்குவேன்.